உளவியல் சோதனைகளின் நம்பகத்தன்மை

உளவியல் சோதனையின் நம்பகத்தன்மை என்பது, ஒரு சோதனை தரும் மதிப்பெண்கள் தற்செயல் பிழைகளின் பாதிப்பு இன்றி எந்த அளவுக்கு நிலையாக உள்ளன என்பதைக் குறிக்கும் கருத்து ஆகும். ஒரே ஆளை, அவரது நிலை மாறாதிருக்கும்போது, ஒரே சோதனையால் மீண்டும் மீண்டும் அளந்தால் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் கிடைக்குமாயின் அம்மதிப்பெண் நம்பகமானது எனப்படும். இது பொதுவாக 0 முதல் 1 வரையிலான ஒரு கெழுவாகத் தரப்படுகிறது. இக்கெழு ஒரு குழுவைப் பற்றிய செய்தியாகும். தனி ஒருவரின் மதிப்பெண் எவ்வளவு பிழைபடக்கூடும் என்பதை அறிய, இக்கெழுவிலிருந்து பெறப்படும் அளவீட்டுத் திட்டப் பிழை என்ற மற்றொரு எண் தேவைப்படுகிறது.

நுண்ணறிவு, ஆளுமை, மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றை நேரடியாகக் காண இயலாது. நீளத்தை அளக்கும் கோலை வேறொரு தரக்கோலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். மனச்சோர்வுக்கு அத்தகைய தரக்கோல் ஏதும் இல்லை. எனவே ஒரு சோதனை எவ்வளவு பிழைபடுகிறது என்பதை அச்சோதனையின் மதிப்பெண்களைக் கொண்டே கணிக்க வேண்டியுள்ளது. நம்பகத்தன்மையை அளவிடும் முறைகள் அனைத்தும் இந்தச் சிக்கலுக்கான விடைகளே.

அடிப்படைக் கருத்து

மரபுவழிச் சோதனைக் கோட்பாட்டின்படி ஒருவர் பெறும் மதிப்பெண் இரு பகுதிகளால் ஆனது:

பெற்ற மதிப்பெண் = மெய் மதிப்பெண் + பிழை

இங்கு மெய் மதிப்பெண் என்பது ஒருவருக்குள் உறைந்திருக்கும் உண்மையான திறமை என்று பொருள்படாது. ஒருவரை எண்ணற்ற முறை, முந்தைய முறையின் நினைவோ களைப்போ இல்லாமல், அதே சோதனையால் அளக்க முடிந்தால் கிடைக்கும் சராசரியே மெய் மதிப்பெண் ஆகும். ஃபிரடெரிக் லார்டு, மெல்வின் நோவிக் ஆகியோர் 1968 இல் வெளியிட்ட நூலில் இவ்வரையறை கணித முறையில் நிறுவப்பட்டது. இதன் விளைவு கவனிக்கத்தக்கது. தமக்குச் சரியாகத் தெரியாத ஒரு மொழியில் சோதனை எழுதும் மாணவர் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் குறைந்த மதிப்பெண் பெறுவார். அக்குறைவு பிழைக் கணக்கில் சேராது. அது மெய் மதிப்பெண்ணுக்குள்ளேயே அடங்கிவிடும். நம்பகத்தன்மைக் கெழு அதைக் காட்டாது.

பிழை என்பது முறை தோறும் தற்செயலாக மாறும் பகுதி. முந்தைய இரவின் தூக்கமின்மை, அறையின் இரைச்சல், ஊகித்து எழுதிய விடை, வினாவைத் தவறாகப் படித்தல், திருத்துபவரின் கவனக்குறைவு ஆகியன இதில் அடங்கும். பிழைகள் சில முறை மதிப்பெண்ணைக் கூட்டியும் சில முறை குறைத்தும் விடுவதால் அவற்றின் சராசரி சுழியம் எனக் கொள்ளப்படுகிறது.

ஒரு குழுவின் மதிப்பெண்கள் எவ்வளவு விரிந்து பரவியுள்ளன என்பதைப் பரவற்படி, அதாவது திட்ட விலக்கத்தின் வர்க்கம், குறிக்கிறது. பிழை மெய் மதிப்பெண்ணுடன் தொடர்பற்றது என்ற எடுகோளின்படி, பெற்ற மதிப்பெண்களின் பரவற்படியானது மெய் மதிப்பெண்களின் பரவற்படியையும் பிழைகளின் பரவற்படியையும் கூட்டக் கிடைப்பது. நம்பகத்தன்மை இவற்றின் விகிதமாக வரையறுக்கப்படுகிறது:

நம்பகத்தன்மை = மெய் மதிப்பெண்களின் பரவற்படி ÷ பெற்ற மதிப்பெண்களின் பரவற்படி

எடுத்துக்காட்டாக, நுண்ணறிவுச் சோதனைகளில் வழக்கமாக உள்ளதுபோல் சராசரி 100, திட்ட விலக்கம் 15 எனக் கொண்டால் பரவற்படி 225 ஆகும். நம்பகத்தன்மை 0.90 எனில், இந்த 225 இல் 202.5 மெய்யான வேறுபாடுகளால் வந்தது, எஞ்சிய 22.5 பிழையால் வந்தது.

வரலாறு

மனத்தை எண்களால் அளக்கும் முயற்சியின் தொடக்ககாலத் தோல்வி ஒன்று இக்கருத்தின் தேவையை உணர்த்துகிறது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் மெக்கீன் கேட்டல் 1890 இல் 'மனச் சோதனை' என்ற சொல்லை வழக்கிற்குக் கொணர்ந்தார். எதிர்வினை நேரம், புலன் கூர்மை போன்றவற்றை அளந்து அறிவாற்றலை மதிப்பிடலாம் என்பது அவரது நம்பிக்கை. அவருடைய மாணவர் கிளார்க் விஸ்லர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்களின் சோதனை முடிவுகளை ஆராய்ந்து 1901 இல் வெளியிட்டார். சோதனைகள் ஒன்றோடொன்றோ கல்லூரி மதிப்பெண்களோடோ ஏறக்குறைய எந்த ஒட்டுறவையும் காட்டவில்லை. கேட்டலின் திட்டம் இத்துடன் செல்வாக்கிழந்தது. பிற்கால ஆய்வாளர்கள் இந்த ஆய்வில் இரு குறைகளைச் சுட்டினர். ஒவ்வொருவரின் எதிர்வினை நேரமும் மிகச் சில முயற்சிகளைக் கொண்டே கணிக்கப்பட்டதால் அளவீடு நம்பகமற்றிருந்தது. மேலும் அளக்கப்பட்டோர் அனைவரும் ஏற்கனவே தேர்ந்தெடுக்கப்பட்ட பல்கலைக்கழக மாணவர்களாதலால் அவர்களிடையே வேறுபாடு குறைவாக இருந்தது. விஸ்லரின் முடிவு மனித மனத்தைப் பற்றிக் கூறியதைவிட அளவுகோலைப் பற்றிக் கூறியதே அதிகம்.

மூன்றாண்டுகள் கழித்து, 1904 இல், இங்கிலாந்தின் சார்லஸ் ஸ்பியர்மன் இச்சிக்கலுக்குக் கணித வடிவம் தந்தார். அளவீட்டுப் பிழை இரு பண்புகளுக்கு இடையேயான ஒட்டுறவைத் தாழ்த்திக் காட்டும் என்றும், நம்பகத்தன்மை தெரிந்தால் அத்தாழ்வைத் திருத்தலாம் என்றும் அவர் காட்டினார். இரு பண்புகளின் மெய்யான ஒட்டுறவு 0.50 என்றும் அவற்றை அளக்கும் சோதனைகளின் நம்பகத்தன்மைகள் 0.70, 0.80 என்றும் கொண்டால், ஆய்வில் காணப்படும் ஒட்டுறவு 0.50 × √(0.70 × 0.80), அதாவது ஏறத்தாழ 0.37 மட்டுமே.

1910 இல் ஸ்பியர்மனும் வில்லியம் பிரவுனும் தனித்தனியே எழுதிய கட்டுரைகள் பிரித்தானிய உளவியல் ஆய்விதழின் ஒரே தொகுதியில் அடுத்தடுத்து வெளிவந்தன. சோதனையின் நீளம் கூடும்போது நம்பகத்தன்மை எவ்வாறு கூடும் என்பதைக் கூறும் இவ்வாய்பாடு இருவர் பெயராலும் ஸ்பியர்மன்-பிரவுன் வாய்பாடு எனப்படுகிறது. 1937 இல் குடர், ரிச்சர்ட்சன் ஆகியோர் சரி, தவறு என்று மட்டும் திருத்தப்படும் வினாக்களுக்கான வாய்பாட்டை வெளியிட்டனர். அவர்களது கட்டுரையின் இருபதாவது சமன்பாடு என்பதால் இது இன்றும் 'குடர்-ரிச்சர்ட்சன் 20' என்றே அறியப்படுகிறது. 1951 இல் லீ குரோன்பாக் இதைப் பொதுமைப்படுத்தி ஆல்ஃபா கெழு என்று பெயரிட்டார்.

அளவிடும் முறைகள்

மெய் மதிப்பெண்ணை யாரும் கண்டதில்லை என்பதால் மேற்கண்ட விகிதத்தை நேரடியாகக் கணக்கிட முடியாது. ஆனால் ஒரே மெய் மதிப்பெண்ணையும் தொடர்பற்ற பிழைகளையும் கொண்ட இரு அளவீடுகள் கிடைத்தால், அவற்றிற்கு இடையேயான ஒட்டுறவுக் கெழுவே நம்பகத்தன்மைக்குச் சமம் என நிறுவலாம். அத்தகைய இரண்டாவது அளவீட்டை எங்கிருந்து பெறுவது என்பதில்தான் முறைகள் வேறுபடுகின்றன.

மறுசோதனை முறையில் அதே சோதனை சில நாட்களோ வாரங்களோ கழித்து அதே குழுவுக்கு மீண்டும் தரப்படுகிறது. இடைவெளியே இங்குச் சிக்கல். இடைவெளி குறைந்தால் முந்தைய விடைகள் நினைவில் நின்று கெழுவைச் செயற்கையாக உயர்த்தும். கூடினால் அளக்கப்படும் பண்பே மாறிவிடக்கூடும். நுண்ணறிவு போன்ற மெதுவாக மாறும் பண்புகளுக்கு இம்முறை பொருந்தும். இன்றைய மனநிலையை அளக்கும் ஒரு சோதனை அடுத்த வாரம் வேறு மதிப்பெண் தந்தால் அது பிழையா, மனநிலை மாறியதா என்பதை இம்முறையால் பிரித்தறிய இயலாது.

இணைவடிவ முறையில் ஒரே உள்ளடக்கமும் கடினமும் கொண்ட இரு வினாத்தாள்கள் ஆக்கப்படுகின்றன. நினைவின் தாக்கம் இதில் குறைவு. ஆனால் ஒரு நல்ல வினாத்தாளை ஆக்குவதே கடினம். ஒத்த இரண்டை ஆக்குவது அதனினும் கடினம். எனவே பெரிய தேர்வு நிறுவனங்களுக்கு வெளியே இம்முறை அரிதாகவே கையாளப்படுகிறது.

பகுதி பிரித்தல் முறை ஒரே அமர்வில் முடிந்துவிடுகிறது. ஒற்றைப்படை வினாக்களை ஒரு பாதியாகவும் இரட்டைப்படை வினாக்களை மறு பாதியாகவும் கொண்டு இரண்டின் மதிப்பெண்களுக்கு இடையே ஒட்டுறவு காணப்படுகிறது. முதற்பாதி, பின்பாதி எனப் பிரிப்பதில்லை. ஏனெனில் களைப்பும் நேரமின்மையும் பின்பாதியை மட்டுமே தாக்கும். கிடைக்கும் ஒட்டுறவு பாதிச் சோதனைக்குரியதாதலால் அதை ஸ்பியர்மன்-பிரவுன் வாய்பாட்டால் முழு நீளத்திற்கு உயர்த்த வேண்டும். பாதிகளின் ஒட்டுறவு 0.70 எனில் முழுச் சோதனையின் நம்பகத்தன்மை (2 × 0.70) ÷ (1 + 0.70), அதாவது 0.82 ஆகும்.

இதே வாய்பாடு நம்பகத்தன்மையை உயர்த்த ஆகும் செலவையும் காட்டுகிறது. 0.60 நம்பகத்தன்மை உள்ள ஒரு சோதனையை இரு மடங்கு நீட்டினால் 0.75 கிடைக்கும், மும்மடங்கு நீட்டினால் 0.82. அதை 0.90 க்குக் கொண்டுசெல்ல வேண்டுமாயின் ஆறு மடங்கு நீட்ட வேண்டும். பத்து வினாக்கள் அறுபதாகும்போது எழுதுபவரின் பொறுமையும் கணக்கில் வரும். அது வாய்பாட்டில் இல்லை.

ஆல்ஃபா கெழு

பத்து வினாக்களை ஐந்தைந்தாக 126 வழிகளில் பிரிக்கலாம். ஒவ்வொரு பிரிவும் சற்றே வேறுபட்ட விடையைத் தரும். ஆல்ஃபா கெழு இந்தத் தெரிவுச் சிக்கலைத் தீர்க்கிறது. எல்லாப் பிரிவுகளிலிருந்தும் ஒரு குறிப்பிட்ட பகுதி பிரித்தல் வாய்பாட்டின்படி பெறப்படும் கெழுக்களின் சராசரியாக அதனைக் கருதலாம். கணக்கிடுவதும் எளிது. ஒவ்வொரு வினாவின் பரவற்படியையும் கண்டு கூட்டி, அத்தொகையை மொத்த மதிப்பெண்ணின் பரவற்படியால் வகுத்து, ஈவை 1 இலிருந்து கழித்து, வினாக்களின் எண்ணிக்கையால் பெருக்கி, அவ்வெண்ணிக்கையில் ஒன்று குறைந்த எண்ணால் வகுத்தால் ஆல்ஃபா கிடைக்கும்.

ஒரே அமர்வு, ஒரே வினாத்தாள், எளிய கணக்கு ஆகியவற்றால் ஆல்ஃபா மிகப் பரவலாகப் பயன்படுத்தப்படும் கெழுவாயிற்று. அதே காரணத்தால் மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் கெழுவும் ஆயிற்று. ஆல்ஃபா உயர்வாக இருப்பதால் சோதனை ஒரே பண்பை அளக்கிறது என்று முடிவு செய்ய இயலாது. வினாக்களுக்கு இடையேயான சராசரி ஒட்டுறவு வெறும் 0.20 ஆக இருக்கும்போது, பத்து வினாக்களுக்கு, வினாக்களின் பரவற்படிகள் சமம் எனக் கொண்டால், ஆல்ஃபா 0.71, அதே தளர்வான ஒட்டுறவுடன் நாற்பது வினாக்கள் வைத்தால் 0.91. எண்ணிக்கையே எண்ணை உயர்த்திவிடுகிறது. ஒரே வினாவைச் சொல்மாற்றி நான்கு முறை கேட்டாலும் ஆல்ஃபா உயரும். ஆனால் சோதனை புதிதாக எதையும் அறிந்துகொள்வதில்லை. மேலும் ஆல்ஃபா ஒரே அமர்வுக்குரியது. அன்றைய காய்ச்சல் எல்லா விடைகளையும் ஒருசேரப் பாதித்தால் அது பிழையாகத் தோன்றாமல் ஒத்திசைவாகவே தோன்றும்.

குரோன்பாக் இக்கெழு தம் பெயரால் அழைக்கப்படுவதை விரும்பவில்லை. இதற்கு இணையான வாய்பாட்டை லூயிஸ் குட்மன் 1945 இலேயே வெளியிட்டிருந்தார். ஆல்ஃபா என்ற எழுத்தும் தொடர்ந்து வரவிருந்த பிற கெழுக்களுள் முதலாவது என்ற பொருளில் இடப்பட்டதே. குரோன்பாக் 2001 இல் மறைந்த பின், 2004 இல் வெளிவந்த அவரது கட்டுரை, ஒரு சோதனையைப் பற்றித் தெரிவிக்க வேண்டிய முதன்மையான எண் நம்பகத்தன்மைக் கெழு அன்று, அளவீட்டுத் திட்டப் பிழையே என்று கூறுகிறது. ரோடரிக் மெக்டொனால்டு முன்வைத்த ஒமேகா கெழு, எல்லா வினாக்களும் பண்பைச் சம அளவில் அளக்கின்றன என்ற எடுகோளைத் தவிர்ப்பதால், ஆல்ஃபாவுக்கு மாற்றாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

மதிப்பிடுவோர் இடையேயான இணக்கம்

நேர்காணல், கட்டுரை விடை, நோயறிதல் போன்றவற்றில் அளவுகோல் ஒரு மனிதரே. இங்கு இருவர் தனித்தனியே மதிப்பிட்டு ஒரே முடிவுக்கு வருகிறார்களா என்பதே நம்பகத்தன்மை. இணக்க விழுக்காட்டை மட்டும் பார்ப்பது ஏமாற்றிவிடும். இரு மருத்துவர்கள் 100 பேரைத் தனித்தனியே சோதித்து, ஒவ்வொருவரும் 10 பேருக்கு மனச்சோர்வு உள்ளதாகக் கூறினர் என்க. 4 பேர் இருவர் பட்டியலிலும் உள்ளனர். 84 பேர் இருவர் பட்டியலிலும் இல்லை. இணக்கம் 88%. ஆனால் இருவரும் நோயாளிகளைப் பார்க்காமலே பத்தில் ஒருவர் என்ற கணக்கில் குலுக்கிப் போட்டிருந்தாலும் 82% இணக்கம் வந்திருக்கும். ஜேக்கப் கோஹன் 1960 இல் முன்வைத்த கப்பா கெழு இந்தத் தற்செயல் இணக்கத்தைக் கழித்துவிடுகிறது: (0.88 − 0.82) ÷ (1 − 0.82) = 0.33. ஒரு மருத்துவர் நோயாளி எனக் கூறிய பத்துப் பேரில் அறுவரை மற்றவர் மறுத்துள்ளார் என்ற செய்தி 88% என்ற எண்ணுக்குள் மறைந்திருந்தது.

மனநோய் அறிதல் வரலாற்றில் இச்சிக்கல் பெரிது. நியூயார்க், லண்டன் மருத்துவமனைகளை ஒப்பிட்டு 1972 இல் வெளியான ஆய்வு, நியூயார்க்கில் மனச்சிதைவு மிகுதியாகத் தோன்றியதற்கு நோயாளிகளைவிட மருத்துவர்களின் அளவுகோல் வேறுபாடே முதன்மைக் காரணம் எனக் கண்டது. ராபர்ட் ஸ்பிட்சர், ஜோசப் ஃப்ளைஸ் ஆகியோர் 1974 இல் முந்தைய ஆய்வுகளைக் கப்பாவால் மறுபடி கணக்கிட்டுப் பல நோய்ப் பெயர்களின் நம்பகத்தன்மை தாழ்ந்திருப்பதைக் காட்டினர். 1980 இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கக் கையேட்டின் மூன்றாம் பதிப்பு ஒவ்வொரு நோய்க்கும் வெளிப்படையான அடையாளப் பட்டியல் தந்ததற்கு இதுவே காரணங்களுள் ஒன்று. எனினும் ஐந்தாம் பதிப்புக்கான களச் சோதனைகளில், 2013 இல் வெளியான முடிவுகளின்படி, அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவழுத்தக் கோளாறு 0.67 கப்பாவைப் பெற, பெரும் மனச்சோர்வுக் கோளாறு 0.28 ஐயும் பொதுவான பதற்றக் கோளாறு 0.20 ஐயும் மட்டுமே பெற்றன. மருத்துவர்கள் கட்டமைத்த வினாப்பட்டியல் இன்றி வழக்கமான முறையில் நேர்காணல் செய்ததும் இத்தாழ்வுக்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. ஆயினும் நோயாளிகள் சந்திப்பதும் அத்தகைய வழக்கமான நேர்காணலையே.

அளவீட்டுத் திட்டப் பிழை

0.90 என்ற கெழு உயர்ந்ததாகத் தோன்றும். அது ஒருவரின் மதிப்பெண்ணுக்கு என்ன பொருள் தருகிறது என்பதைக் கீழ்க்காணும் வாய்பாடு காட்டும்:

அளவீட்டுத் திட்டப் பிழை = திட்ட விலக்கம் × √(1 − நம்பகத்தன்மை)

திட்ட விலக்கம் 15, நம்பகத்தன்மை 0.90 எனில் திட்டப் பிழை 4.7 ஆகும். பிழைகள் இயல்நிலைப் பரவலைப் பின்பற்றுவதாகக் கொண்டால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை பெற்ற மதிப்பெண்ணானது மெய் மதிப்பெண்ணிலிருந்து இருபுறமும் இதன் 1.96 மடங்குக்குள், அதாவது ஏறத்தாழ 9 புள்ளிகளுக்குள் அமையும். ஆய்வுக் கட்டுரைகளில் போதுமானதாகக் கருதப்படும் 0.70 க்கு இது 16 புள்ளிகள். ஒரு முழுத் திட்ட விலக்கத்தைவிடவும் அதிகம். மிகச் சிறந்த தனிநபர் நுண்ணறிவுச் சோதனைகள் எட்டும் 0.97 அளவில்கூட 5 புள்ளிகள் எஞ்சுகின்றன.

இந்த 5 புள்ளிகள் ஒரு மனிதரின் உயிரைத் தீர்மானித்த வழக்கு உண்டு. அறிவுத்திறன் குறைபாடு உடையோருக்கு மரண தண்டனை விதிப்பது அரசமைப்புக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002 இல் அட்கின்ஸ் எதிர் வர்ஜீனியா வழக்கில் தீர்ப்பளித்தது. குறைபாட்டை எவ்வாறு முடிவு செய்வது என்பது மாநிலங்களின் பொறுப்பில் விடப்பட்டது. புளோரிடா மாநிலம், நுண்ணறிவு ஈவு 70 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் மட்டுமே பிற சான்றுகளைக் கேட்பது என்ற நிலையை மேற்கொண்டது. 1978 இல் நடந்த கொலைக்காக மரண தண்டனை பெற்றிருந்த ஃபிரெடி லீ ஹால் 71 மதிப்பெண்ணை முன்வைத்தார். ஒரு புள்ளி கூடுதல் என்பதால், அவர் குழந்தைப் பருவம் முதலே குறைபாடு உடையவர் என்ற பிற சான்றுகள் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

2014 மே 27 அன்று உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் புளோரிடாவின் விதியைச் செல்லாததாக்கியது. நீதிபதி ஆண்டனி கென்னடி எழுதிய தீர்ப்பு, மதிப்பெண்ணை ஓர் ஒற்றை எண்ணாகக் கொள்ளாமல் அளவீட்டுத் திட்டப் பிழையைச் சேர்த்த ஒரு வீச்சாகவே கொள்ள வேண்டும் என்றது. மாற்றுக் கருத்தை எழுதிய நீதிபதி சாமுவேல் அலிட்டோ, ஒருவர் பல முறை சோதிக்கப்பட்டிருந்தால் பிழை குறையும் என்று சுட்டினார். கணித அடிப்படையில் இது ஸ்பியர்மன்-பிரவுன் வாய்பாட்டின் கருத்தே. பெரும்பான்மைத் தீர்ப்போ, சோதனையிலோ அதை நடத்தும் முறையிலோ நிலையான குறை இருந்தால் பல முறை அளப்பதால் அக்குறை நீங்காது என்று விடையளித்தது. இரு கூற்றுகளும் தத்தம் அளவில் சரியே. முன்னது தற்செயல் பிழையைப் பற்றியது, பின்னது முறைசார்ந்த பிழையைப் பற்றியது. 2016 இல் புளோரிடா மாநில உச்ச நீதிமன்றம் ஹாலின் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது.

முறைசார்ந்த பிழைக்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு ஃபிளின் விளைவு. அமெரிக்க மதிப்பெண்கள் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 புள்ளிகள் வீதம் உயர்ந்து வந்ததை ஜேம்ஸ் ஃபிளின் 1984 இல் காட்டினார். எனவே இருபது ஆண்டுகளுக்கு முன் தரப்படுத்தப்பட்ட சோதனை ஒருவருக்குச் சுமார் 6 புள்ளிகளைக் கூட்டித் தரக்கூடும். அச்சோதனையின் நம்பகத்தன்மைக் கெழு இதனால் சிறிதும் குறையாது.

குழுவைச் சார்ந்த எண்

'இச்சோதனையின் நம்பகத்தன்மை 0.90' என்று கூறுவது வழக்கமாயினும் துல்லியமன்று. கெழு ஒரு விகிதமாதலால், பிழை மாறாமலேயே குழுவின் பரவல் மாறினால் கெழு மாறிவிடும். மேற்கண்ட சோதனையின் பிழைப் பரவற்படி 22.5. பொது மக்களிடம் மொத்தப் பரவற்படி 225 ஆதலால் கெழு 0.90. நுழைவுத் தேர்வால் வடிகட்டப்பட்ட ஒரு பொறியியற் கல்லூரி மாணவர்களின் திட்ட விலக்கம் 8 எனில் பரவற்படி 64, அதே சோதனை, அதே பிழை, ஆனால் கெழு 1 − (22.5 ÷ 64), அதாவது 0.65. அந்தக் கல்லூரிக்குள் மாணவர்களைத் தரவரிசைப்படுத்த அச்சோதனையைப் பயன்படுத்துவோர் வெளியட்டையில் அச்சிட்ட 0.90 ஐ நம்ப முடியாது. விஸ்லரின் ஆய்வில் நேர்ந்ததும் இதுவே.

மொழிபெயர்ப்புக்கும் இது பொருந்தும். ஆங்கிலத்தில் ஆக்கப்பட்ட ஒரு மனச்சோர்வு வினாப்பட்டியலைத் தமிழாக்கினால், மூலத்தின் கெழு தமிழ் வடிவத்திற்கு உரியதாகாது. வழக்கமான நடைமுறையில் தமிழாக்கத்தை மூலத்தை அறியாத ஒருவர் மீண்டும் ஆங்கிலமாக்கிப் பொருள் ஒப்பிடப்படுகிறது. ஆனால் இது சொற்களை மட்டுமே சரிபார்க்கும். 'மனம் சரியில்லை' என்ற தொடரைச் சென்னையிலும் மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ளோர் ஒரே பொருளில் கொள்கிறார்களா என்பது தமிழ் பேசுவோரிடமே சோதனையை நடத்தி, கெழுவையும் திட்டப் பிழையையும் புதிதாகக் கணக்கிட்டு ஆராய வேண்டியது. எதிர்மறை வினாக்கள் தமிழில் குழப்பம் தருவதும் உண்டு. 'நான் கவலைப்படுவதில்லை' என்ற கூற்றுக்கு 'இல்லை' என்று விடையளிப்பவர் கவலைப்படுகிறாரா, இல்லையா என்பதை அவரிடமே கேட்டால்தான் தெரியும்.

வேறுபாட்டு மதிப்பெண்கள்

சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளந்து முன்னேற்றத்தைக் கணிக்கும்போது இரு பிழைகள் சேர்ந்துவிடுகின்றன. இரு அளவீடுகளின் நம்பகத்தன்மை ஒவ்வொன்றும் 0.80, பரவல்கள் சமம், அவற்றிடையே ஒட்டுறவு 0.60 எனில், வேறுபாட்டின் நம்பகத்தன்மை (0.80 − 0.60) ÷ (1 − 0.60) = 0.50 மட்டுமே. இதைக் கருத்திற்கொண்டு நீல் ஜேக்கப்சன், பவுலா ட்ருவாக்ஸ் ஆகியோர் 1991 இல் நம்பகமான மாற்றச் சுட்டெண்ணை விளக்கினர். திட்டப் பிழை 4.7 ஆக உள்ள சோதனையில் ஒருவரின் மதிப்பெண் குறைந்தது 13 புள்ளிகள் மாறினால்தான் அம்மாற்றம் அளவீட்டுப் பிழையால் வந்ததன்று என்று 95% உறுதியுடன் கூறலாம். 5 புள்ளி முன்னேற்றத்தைக் காட்டி ஒரு சிகிச்சை இந்த நோயாளிக்குப் பலித்தது என்பது இக்கணக்கின் முன் நிற்காது.

ஏற்புடைமையுடன் உறவு

ஒரு சோதனை அளப்பதாகக் கூறும் பண்பையே அளக்கிறதா என்பது ஏற்புடைமை எனப்படும். 50 கிலோ மூட்டையை எத்தனை முறை வைத்தாலும் 48 கிலோ என்றே காட்டும் தராசு நம்பகமானது, ஆனால் சரியானதன்று. தலையின் சுற்றளவை மிக நம்பகமாக அளக்கலாம். அதைக் கொண்டு ஒருவரின் நேர்மையை மதிப்பிட முடியாது. மறுதலையாக, நம்பகத்தன்மை இல்லாதபோது ஏற்புடைமைக்கு இடமில்லை. ஒரு சோதனை வேறெந்த அளவையுடனும் காட்டும் ஒட்டுறவு, அச்சோதனையின் நம்பகத்தன்மையின் வர்க்கமூலத்தை விஞ்ச இயலாது.

எவ்வளவு போதும்?

இதற்கு ஜும் நனலியின் நூல் பெரும்பாலும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதன் 1978 ஆம் ஆண்டுப் பதிப்பு, தொடக்கநிலை ஆய்வுக்கு 0.70, அடிப்படை ஆய்வுக்கு 0.80, தனிமனிதரைப் பற்றி முக்கிய முடிவு எடுக்கும்போது குறைந்தது 0.90, விரும்பத்தக்கது 0.95 எனக் கூறியது. இவற்றுள் 0.70 மட்டுமே பரவலாக நினைவில் நின்று, எல்லா நோக்கங்களுக்கும் உரிய எல்லைபோல ஆய்வேடுகளில் இடம்பெறுகிறது. ஒரு பள்ளியின் சராசரியை மற்றொரு பள்ளியுடன் ஒப்பிடும்போது பிழைகள் பெருமளவு ஒன்றையொன்று நீக்கிவிடும். ஒரு குழந்தையைச் சிறப்புப் பள்ளிக்கு அனுப்பும் முடிவில் நீக்குவதற்கு வேறு எதுவும் இல்லை.

உயர்ந்த கெழுவை எல்லாச் சோதனைகளிலும் எதிர்பார்ப்பதும் சரியன்று. நிறத்தின் பெயரை வேறு நிற மையில் எழுதி, மையின் நிறத்தைக் கூறச் சொல்லும் ஸ்ட்ரூப் சோதனையில் ஏறக்குறைய எல்லோருமே தடுமாறுகின்றனர். எல்லோரும் ஒத்த அளவில் தடுமாறுவதாலேயே ஆட்களுக்கு இடையேயான வேறுபாடு சிறிதாகி, நம்பகத்தன்மை தாழ்கிறது. கிரேக் ஹெட்ஜ் முதலியோர் 2018 இல் இதை நம்பகத்தன்மை முரண் என்று விவரித்தனர். ஆய்வகத்தில் தவறாது நிகழும் விளைவு தனிமனிதரை வேறுபடுத்தும் கருவியாக உதவாமல் போகலாம்.

பிற கோட்பாடுகள்

மரபுவழிக் கோட்பாடு எல்லாப் பிழைகளையும் ஒரே பெட்டியில் இடுகிறது. குரோன்பாக், நாகேஸ்வரி ராஜரத்தினம், கோல்டின் கிளேசர் ஆகியோர் 1963 இல் முன்வைத்துப் பின்னர் ஹரிந்தர் நந்தாவும் இணைந்து 1972 இல் நூலாக விரித்த பொதுமைப்படுத்தற் கோட்பாடு, வினா, நாள், மதிப்பிடுபவர் எனப் பிழையின் ஊற்றுகளைத் தனித்தனியே கணக்கிடுகிறது. கட்டுரைத் தேர்வு ஒன்றில் இரண்டாவது திருத்துபவரைச் சேர்ப்பதா, இரண்டாவது வினாவைச் சேர்ப்பதா, எது பிழையை அதிகம் குறைக்கும் என்ற நடைமுறைக் கேள்விக்கு இதனால் விடை காணலாம்.

வினா மறுமொழிக் கோட்பாடு வேறு வழியில் செல்கிறது. அதன்படி ஒரு சோதனையின் துல்லியம் மதிப்பெண் தோறும் வேறுபடும். நடுத்தரக் கடினமுள்ள வினாக்களே நிறைந்த சோதனை சராசரியானவர்களைத் துல்லியமாகவும் மிகத் தாழ்ந்தவர்களையும் மிக உயர்ந்தவர்களையும் தோராயமாகவும் அளக்கும். ஒற்றைத் திட்டப் பிழை இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. ஒவ்வொரு விடைக்குப் பின்னும் எழுதுபவரின் நிலைக்கேற்ப அடுத்த வினாவைத் தெரிவு செய்யும் கணினிவழித் தகவமைத் தேர்வுகள் இக்கோட்பாட்டின்மீது அமைந்தவை. அவற்றுள் பல, வினாக்களின் எண்ணிக்கையை முன்கூட்டி வரையறுக்காமல், அந்த ஒருவரின் திட்டப் பிழை குறிப்பிட்ட அளவுக்குக் கீழ் இறங்கியதும் நின்றுவிடுகின்றன.